விற்கப்படாத ஓவியம்: ஷெரிடனின் ‘அவதூறுப் பள்ளி’யில் கீழை இந்தியச் செல்வம்

ஆய்வுச் சுருக்கம்

ரிச்சர்டு பிரின்ஸ்லி ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ (1777) போலி ஒழுக்கத்தை எள்ளி நகையாடும் நாடகமாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வருகிறது. மாந்தரின் புறத்தோற்றத்தைக் கலைத்து அகத்தைக் காட்ட முனையும் அந்நாடகம், அவர்களைச் சோதிக்கும் பொறுப்பைக் கீழை இந்தியாவில் பொருளீட்டித் திரும்பிய சர் ஆலிவரிடம் ஒப்படைக்கிறது. ஆனால் சோதிப்பவரின் செல்வம் எந்தச் சோதனைக்கும் உட்படுவதில்லை. ரிச்சர்டு கம்பர்லாந்தின் ‘தி வெஸ்ட் இண்டியன்’ (1771), சாமுவேல் ஃபூட்டின் ‘தி நேபாப்’ (1772) ஆகியவற்றோடு ஒப்பிட்டு, இந்த விதிவிலக்கை ஷெரிடன் தாம் எள்ளிய மெல்லுணர்வு நாடக மரபிலிருந்தே பெற்றார் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஷெரிடன், ஒழுகலாற்று நாடகம், மெல்லுணர்வு நாடகம், நேபாப், கும்பினி, வராகன், வட்டி.

முன்னுரை

1777 மே 8ஆம் நாள் இலண்டன் துரூரி லேன் அரங்கில் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ முதன்முறையாக மேடையேறியது. நான்காம் அங்கத்தில் மடக்குத்தட்டி சரிந்து லேடி டீசில் வெளிப்பட்டபோது எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, அரங்கை ஒட்டிய வழியே சென்ற சிறுவன் ஒருவன் கட்டடமே இடிந்து விழுகிறது என்று அஞ்சி ஓடினானாம். பிற்காலத்தில் தாமும் நாடகாசிரியராக விளங்கிய ஃபிரெடரிக் ரேனால்ட்ஸ் தம்மைப் பற்றி எழுதிவைத்த செய்தி இது. நாற்பதாண்டுகளுக்குப் பின் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய வில்லியம் ஹாஸ்லிட்டும் குறைகாண இயலாத அளவு நிறைவுற்ற நாடகமாக இதனை மதித்தார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில இலக்கிய வகுப்புகளிலும் இது நெடுங்காலமாகப் பாடமாக இருந்து வருகிறது.

அவ்வகுப்புகளில் இந்நாடகத்திற்குத் தரப்படும் விளக்கம் ஏறத்தாழ மாறாதது. அறமொழிகளை ஓயாது உதிர்க்கும் அண்ணன் ஜோசப் சர்ஃபேஸ் உள்ளத்தால் கயவன். கடனில் மூழ்கிக் குடித்துத் திரியும் தம்பி சார்லஸ் உள்ளத்தால் நல்லவன். நெடுங்காலம் கீழை இந்தியாவில் வாழ்ந்து திரும்பும் அவர்களுடைய தந்தையின் உடன்பிறந்தார் சர் ஆலிவர், மாற்றுருவில் இருவரையும் சோதித்து உண்மையைக் கண்டறிகிறார். அவதூறு பேசுவோர் நாணித் தலைகுனிகின்றனர். இவ்விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் அது சர் ஆலிவரைக் கதைக்குத் தேவையான ஒரு கருவியாக மட்டும் கொண்டு கடந்துவிடுகிறது. அவர் எங்கிருந்து வந்தார், அவர் கையில் இருக்கும் பணம் எத்தகையது என்னும் வினாக்கள் எழுவதில்லை. தஞ்சையும் ஆர்க்காடும் வங்காளமும் இலண்டன் வீடுகளின் வரவு செலவில் நேரடியாக இடம்பெற்றிருந்த காலத்து நாடகம் ஒன்றை, குறிப்பாக இந்நாட்டு வாசகர், அவ்வாறு கடந்துசெல்வது வியப்புக்குரியது.

‘காமெடி ஆஃப் மேனர்ஸ்’ என்னும் வகைமைப் பெயரை இக்கட்டுரை ‘ஒழுகலாற்று நாடகம்’ என்று குறிக்கிறது. ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லைத் தவிர்த்தமைக்குக் காரணம் உண்டு. இவ்வகை நாடகங்களில் நகைக்கு இடமாவது அறம் அன்று. ஓர் உயர்குடி வட்டம் தனக்கென வகுத்துக்கொண்ட பேச்சு, உடை, விருந்து, மணப்பேரம் ஆகியவற்றின் முறைமையே நகைக்கு இடமாகிறது. ‘சென்டிமென்டல் காமெடி’ எனப்பட்டது இங்கு ‘மெல்லுணர்வு நாடகம்’ எனவும், ஷெரிடனின் நாடகம் ‘அவதூறுப் பள்ளி’ எனவும் சுட்டப்படும்.

சிரிப்பும் கண்ணீரும்

1773 சனவரியில் ஆலிவர் கோல்ட்ஸ்மித் ஓர் இதழ்க் கட்டுரையில் சிரிப்பு நாடகத்தையும் மெல்லுணர்வு நாடகத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். நடுத்தர மாந்தரின் துன்பங்களைக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கும் நாடகங்கள் இன்பியலின் இடத்தைப் பறித்துக்கொண்டன என்பது அவருடைய குறை. அவ்வாண்டு மார்ச்சில் மேடையேறிய அவரது ‘ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்’ அக்குறைக்கு அவரே தேடிய மருந்து. ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ (1775), ‘அவதூறுப் பள்ளி’ ஆகியவற்றை இலக்கிய வரலாறுகள் அதே அணியில் சேர்க்கின்றன. அறமொழி பேசும் ஜோசப் மெல்லுணர்வு நாடகத்தின் கேலிச்சித்திரம் என்றும், அவனை வீழ்த்துவதன்வழி ஷெரிடன் அம்மரபையே வீழ்த்தினார் என்றும் அவை கூறும்.

கோல்ட்ஸ்மித் வகுத்த இந்தப் பாகுபாடு பயனுடையதே. ஆயினும் அது ஒரு நாடகம் பார்வையாளரிடம் எழுப்பும் உணர்ச்சியைக் கொண்டு மட்டும் வகைப்படுத்துகிறது. நாடகத்தில் பணம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் சென்று சேர்கிறது என்று நோக்கினால் எல்லைக்கோடு வேறோர் இடத்தில் விழும். அதற்குச் சான்று மெல்லுணர்வு நாடகத்தின் பெருவெற்றிகளுள் ஒன்றான கம்பர்லாந்தின் ‘தி வெஸ்ட் இண்டியன்’.

1771 சனவரியில் அதே துரூரி லேனில், டேவிட் காரிக்கின் பொறுப்பில், அந்நாடகம் அரங்கேறியது. ஜமைக்காவின் கரும்புத் தோட்டச் செல்வத்திற்கு உரியவனாகிய பெல்கூர் என்னும் இளைஞன் இலண்டனுக்கு வருகிறான். அவனை வரவேற்கும் வணிகர் ஸ்டாக்வெல் உண்மையில் அவனுடைய தந்தை. அவர் அவ்வுறவை வெளிப்படுத்தாமல் மறைத்துவைத்து, மகனின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள விழைகிறார். பெல்கூர் கட்டுப்பாடற்றவன், பெண்கள்பால் எளிதில் மயங்குபவன். ஆனால் வறுமையில் வாடும் படைத்தலைவர் டட்லிக்கு இருநூறு பவுனைத் தயங்காமல் கொடுத்துவிடுகிறான். அந்த ஈகையே அவன் பிற குற்றங்களைக் கழுவுகிறது. ஸ்டாக்வெல் தம்மை வெளிப்படுத்தி மகனைத் தழுவிக்கொள்கிறார்.

இக்கதையை ‘அவதூறுப் பள்ளி’யின் அருகில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வெளிப்படை. உறவை மறைத்துச் சோதிக்கும் முதியவர், ஊதாரித்தனத்தையும் ஈகையையும் ஒருங்கே உடைய இளைஞன், வறியவருக்குக் கொடுத்த ஒரு தொகை, இறுதியில் மன்னிப்பு ஆகிய அனைத்தும் இரண்டிலும் உள்ளன. சார்லஸ் தன் வறிய உறவினர் ஸ்டான்லிக்கு அனுப்பும் நூறு பவுன், பெல்கூர் கொடுத்த இருநூறு பவுனின் மறுபதிப்பே. இரண்டாண்டுகள் கழித்து ‘தி கிரிட்டிக்’ (1779) நாடகத்தில் சர் ஃபிரெட்ஃபுல் பிளேஜியரி என்னும் பாத்திரமாகக் கம்பர்லாந்தைப் பிறர் படைப்பைத் திருடுபவராகக் காட்டி ஷெரிடன் சிரிக்கவைத்தார். கடன் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை எண்ணும்போது அச்சிரிப்பில் சிறிது கூச்சம் கலந்துவிடுகிறது.

கதைப்பின்னலை மட்டுமன்றிக் கடல்கடந்த செல்வத்தைக் கையாளும் முறையையும் ஷெரிடன் கம்பர்லாந்திடமிருந்து பெற்றார். பெல்கூரிடம் தேம்சு ஆற்று நீர் முழுவதையும் மதுவாக்கும் அளவுக்குச் சர்க்கரையும் சாராயமும் இருப்பதாக நாடகத்தின் பணியாளர்கள் வியந்து பேசுவர். அச்சர்க்கரையைப் பிழிந்த அடிமைகளின் உழைப்பைப் பற்றி நாடகம் கவலை கொள்ளாது. வெப்ப நாட்டின் கதிரவன் அவன் குருதியைச் சூடாக்கியதுபோல அவன் நெஞ்சையும் தாராளமாக்கிவிட்டது என்னும் அளவில் அக்கணக்கு முடிகிறது. அயல்மண்ணில் ஈட்டிய செல்வம் உள்நாட்டு மேடைக்கு வரும்போது ஒரு குணமாக, தாராள மனமாக, மாறிவிடுகிறது.

ஃபூட் கேட்ட கேள்வி

செல்வத்தின் தோற்றுவாயை மேடையில் கேட்பது அக்காலத்தில் இயலாத செயல் அன்று. 1772 சூனில் ஹேமார்க்கெட் அரங்கில் சாமுவேல் ஃபூட் ‘தி நேபாப்’ நாடகத்தை நிகழ்த்தினார். நவாப் என்னும் சொல் ஆங்கில நாவில் ‘நேபாப்’ எனத் திரிந்து, இந்தியாவில் கொழுத்துத் திரும்பிய கும்பினி ஊழியரைக் குறிக்கும் வசைச்சொல்லாகியிருந்தது. ஃபூட்டின் சர் மேத்யூ மைட் அத்தகையவன். பழங்குடிப் பெருமகன் ஒருவரின் கடன்களை விலைக்கு வாங்கிக்கொண்டு, அவர் மகளைத் தனக்கு மணமுடித்துத் தராவிடில் சட்டத்தை ஏவுவதாக மிரட்டுகிறான். நாடாளுமன்ற இடத்தையும் காசுக்கு வாங்க முற்படுகிறான்.

அந்நாடகத்தில் ஒரு சிறு உரையாடல் உண்டு. இலஞ்சத்துக்குப் பெயர்போன ஒரு தொகுதியின் நகரத்தலைவர், கும்பினியார் அயல்நாட்டில் இடம்பிடிப்பது எவ்வாறு என்று கேட்கிறார். வணிகர்களாகச் சென்று நட்புப் பாராட்டிச் சிறிது நிலம் பெறுவதும், சிறுகச் சிறுக வேலியை நகர்த்திக் கோட்டை கட்டுவதும், வலிமை பெற்றபின் மண்ணுக்குரியோரை விரட்டிப் பொன்னையும் மணியையும் எடுத்துக்கொள்வதும் அவருக்கு எளிய மொழியில் விளக்கப்படுகின்றன. இது சற்று முறையற்ற செயலாயிற்றே என்று அவர் ஐயுறும்போது, அம்மக்கள் நம்மவர் அல்லர் என்னும் விடை கிடைக்கிறது. நகைச்சுவை நாடகத்தின் ஓரத்தில், நான்கைந்து பேச்சுகளில், குடியேற்ற வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. நாடகக் கலையில் ஃபூட் ஷெரிடனுக்கு நிகரானவர் அல்லர். அவருடைய கதைப்பின்னல் தளர்வானது; பாத்திரங்கள் ஒரே வண்ணம் பூசியவை. ஆயினும் ஷெரிடன் கேட்காத கேள்வியைக் கேட்டவர் அவரே.

ஃபூட்டுக்கும் ஷெரிடனுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அக்கேள்வி வலுத்ததேயன்றி ஓயவில்லை. 1770ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைப் பற்றிய செய்திகள் இலண்டன் இதழ்களில் வெளிவந்திருந்தன. இராபர்ட் கிளைவின் செல்வம் நாடாளுமன்ற விசாரணைக்கு உள்ளாயிற்று. 1773இல் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. சென்னையில் நிலைமை இன்னும் கூர்மையானது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கும்பினி ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக நிலவருவாயைத் தம்வசப்படுத்தி வந்தனர். தஞ்சை அரசை அதன் மன்னரிடம் மீட்டளித்த ஆளுநர் பிகாட் பிரபு, தஞ்சை வருவாயின்மேல் பால் பென்ஃபீல்டு கோரிய உரிமையை ஏற்க மறுத்தார். 1776 ஆகஸ்டில் அவருடைய ஆட்சிக்குழுவில் பெரும்பான்மையோரே அவரைச் சிறைப்பிடித்தனர். அச்செய்தி 1777 வசந்த காலத்தில் இலண்டனை எட்டிக் கும்பினிப் பங்குதாரரிடையே பெரும் வாதத்தைக் கிளப்பியது. ‘அவதூறுப் பள்ளி’ மேடையேறிய மூன்றாம் நாள், மே 11 அன்று, பிகாட் சென்னையில் காவலிலேயே இறந்தார். துரூரி லேனில் அமர்ந்திருந்தோர் அவ்விறப்பை அப்போது அறிந்திருக்க இயலாது. அவருடைய சிறைவாசத்தை நன்கு அறிந்திருந்தனர். கீழை இந்தியாவிலிருந்து பெரும்பொருளுடன் திரும்பும் ஒரு கிழவரை மேடையில் கண்டவுடன் அவர்களுக்கு ‘நேபாப்’ என்னும் சொல் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். ஷெரிடனின் திறமை அந்நினைவை எழவிடாமல் செய்ததில் இருக்கிறது.

வட்டிக்காரர் வேடம்

மூன்றாம் அங்கத்தில் சர் ஆலிவர் பிரீமியம் என்னும் பெயருடைய வட்டிக்காரராக வேடம் பூணத் துணிகிறார். மோசஸ் என்னும் யூத வட்டிக்காரர் அவருக்குத் தொழில் கற்பிக்கிறார். கடன் கேட்பவனுக்கு அவசரமில்லை என்றால் நூற்றுக்கு நாற்பது ஐம்பது கேட்டால் போதும். பெரும் இக்கட்டில் இருந்தால் இருமடங்கு கேட்கலாம். பணம் தம்முடையது அன்று, இரக்கமற்ற ஒரு நண்பருடையது என்று சொல்லிக்கொள்ளவும் அவர் கற்றுத்தருகிறார். சர் ஆலிவர் இப்பாடத்தை விரைவில் கற்றுத் தேர்கிறார். அத்தேர்ச்சியே நகைக்கு இடமாகிறது.

நேர்மையானவர் ஒருவர் இழிந்த தொழிலின் முறைகளைக் கற்கத் தடுமாறுவதே நகைச்சுவை என்று இக்காட்சியைக் கொள்வது வழக்கம். ஆனால் பாத்திரத்தின் வாழ்க்கையை நினைவிற்கொண்டால் வேடத்திற்கும் உண்மைக்கும் உள்ள தொலைவு அவ்வளவு பெரிதன்று. இந்தியாவில் கும்பினி ஊழியர் பொருளீட்டிய வழிகளுள் உயர்வட்டிக் கடனும் ஒன்று. இக்கட்டில் இருப்பவனிடம் கூடுதலாகக் கேட்கும் முறையை அங்கிருந்து வந்த ஒருவருக்கு இலண்டன் யூதர் கற்பிக்கவேண்டியிருக்கிறது என்பது நாடகம் நம்மை நம்பவைக்கும் செய்தி. வட்டியைப் பற்றிய வெறுப்பு முழுவதும் மோசஸின் தலையில் இறங்குகிறது. அக்காலப் பார்வையாளரிடம் யூதர்மேல் இருந்த முன்முடிவு இதற்கு வாய்ப்பாக அமைந்தது. சர் ஆலிவரோ அவ்வேடத்தைக் கழற்றியவுடன் கறையின்றி நிற்கிறார். வேடத்தைக் கழற்றி உண்மையைக் காட்டுவதே தொழிலாகக் கொண்ட ஒரு நாடகம், இங்கே வேடத்தைப் போர்த்தி உண்மையை மறைக்கிறது.

ஏலம்

நான்காம் அங்கத்தின் முதற்காட்சியில் சார்லஸ் தன் முன்னோரின் ஓவியங்களைப் பிரீமியத்துக்கு விற்கிறான். சார்லசின் நண்பன் கேர்லெஸ் ஏலம் கூறுகிறான். குலமரபு எழுதிய பழஞ்சுருள் சுத்தியலாகப் பயன்படுகிறது. மால்பிளாக்கே போரில் பொருத மூதாதை பத்துப் பவுனுக்குப் போகிறார். நெல்லர் தீட்டிய பாட்டியின் தமக்கை டெபோரா அதற்கும் குறைந்த விலைக்குப் போகிறாள். எஞ்சியவை எல்லாம் ஒரே கட்டாக முந்நூறு பவுனுக்கு. ஒழுகலாற்று நாடகம் உயர்குடியைப் பற்றிச் சொல்லக்கூடியதில் மிகக் கொடியது இக்காட்சியில் உள்ளது. குலப்பெருமை கைமாற்றத்தக்க சரக்கு. அதற்குச் சந்தைவிலை உண்டு. அவ்விலை மிகவும் குறைவு. குடும்பச் சுருளைக் கொண்டு குடும்பத்தையே தட்டி விற்கும் அக்காட்சியின் துணிவுக்கு நிகர் கோல்ட்ஸ்மித்திடமும் இல்லை.

ஆனால் ஒரே ஓர் ஓவியத்தைச் சார்லஸ் விற்க மறுக்கிறான். அது சர் ஆலிவருடையது. எஞ்சியவற்றுக்குக் கொடுத்த அளவு தொகையை அதற்கு மட்டும் தருவதாகப் பிரீமியம் சொல்லியும் அவன் இணங்கவில்லை. அக்கணத்தில் சர் ஆலிவர் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறார். எண்ணூறு பவுனுக்கு உறுதிச்சீட்டு எழுதிக் கொடுக்கிறார். பார்வையாளர் கண்கள் கசியும் இடம் இது. சிரிப்பு நாடகத்தின் தலைசிறந்த படைப்பு தன் தீர்ப்பை வழங்க மெல்லுணர்வு நாடகத்தின் கண்ணீரை இரவல் வாங்குகிறது.

அந்த மறுப்புக்குச் சார்லஸ் கூறும் காரணம் கருதத்தக்கது. முதியவர் தனக்கு நிறைய நன்மை செய்திருக்கிறார் என்கிறான். அந்நன்மை யாது? கீழை இந்தியாவிலிருந்து வந்த பணம். இதே சார்லஸ் முந்திய காட்சியில் சர் ஆலிவரின் இறப்புக்குப் பின் திருப்பித்தருவதாகச் சொல்லி அவரிடமே கடன் கேட்டவன். அந்நாட்டுத் தட்பவெப்பம் அவர் உடலைப் பெரிதும் கெடுத்துவிட்டதாகவும் உறுதியளித்தவன். நன்றியும் எதிர்பார்ப்பும் அவன் பேச்சில் பிரிக்கவியலாதபடி பின்னிக்கிடக்கின்றன. நாடகம் நன்றியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நகைச்சுவையாக விட்டுவிடுகிறது. சார்லஸ் நல்லவன் அல்லன் என்பது இங்கு வாதம் அன்று. அவனுடைய நன்மைக்கு நாடகம் தேர்ந்தெடுத்த அளவுகோல், செல்வத்தின் ஊற்றை மதிப்பதாக அமைந்துவிட்டது என்பதே வாதம். போரில் பொருத மூதாதையை விற்றவன் பணம் அனுப்பியவரை மட்டும் விற்கவில்லை.

இங்கு இரு நுட்பங்கள் கவனத்துக்குரியன. முதலாவது, அந்த ஓவியம் சர் ஆலிவர் இந்தியாவுக்குப் புறப்படுமுன் தீட்டப்பட்டது என்று சார்லசே குறிப்பிடுகிறான். ஆகவே சுவரில் தொங்கும் முகத்தில் இந்தியா இல்லை. இரண்டாவது, அம்முகத்தைக் கண்ட கேர்லெஸ், இரக்கமற்ற கண்ணும் வாரிசுரிமையைப் பறிக்கும் தோற்றமும் உடைய தேர்ந்த கயவன் இவன் என்று தீர்ப்புக் கூறி, அதற்குப் பிரீமியத்தின் இசைவையும் கேட்கிறான். சர் ஆலிவரைப் பற்றி நாடகத்தில் ஒலிக்கும் கடுமையான ஐயம் இது. அது குடிவெறியில் இருக்கும் ஒருவன் வாயிலிருந்து, எதிரில் இருப்பவர் யாரென்று அறியாமல் பேசிய பேச்சாக வருவதால், பார்வையாளர் ஐயத்தைக் கேட்டுச் சிரிக்கின்றனர். சிரித்தபின் அது எஞ்சுவதில்லை. ஃபூட் ஒரு நாடகம் முழுவதும் பேசியதை ஷெரிடன் ஒரு நகைத்துணுக்காக்கிக் கரைத்துவிடுகிறார்.

ரூபாயும் வராகனும்

ஜோசப்பைச் சோதிக்கும் ஐந்தாம் அங்கக் காட்சியில் சர் ஆலிவர் வறிய உறவினர் ஸ்டான்லியாக வருகிறார். உதவி கேட்டவரிடம் ஜோசப் இனிமையாகப் பேசிக் கைவிரிக்கிறான். சர் ஆலிவர் உனக்குப் பொன்கட்டிகள், ரூபாய்கள், வராகன்கள் அனுப்பவில்லையா என்று ஸ்டான்லி கேட்க, அப்படி எதுவும் இல்லை; சீனப் பீங்கான், சால்வை, தேயிலை, அகமதாபாத் நகரின் பெயரால் வழங்கிய சிவப்புச் சில்லைப் பறவைகள், இந்தியப் பட்டாசுகள் ஆகியவைதாம் எப்போதேனும் வரும் என்கிறான். பன்னிரண்டாயிரம் பவுனுக்கு இதுவா நன்றி என்று சர் ஆலிவர் தமக்குள் கொதிக்கிறார்.

நாடகத்தில் இந்தியா மிகத் தெளிவாக உருக்கொள்ளும் இடம் இதுதான். ரூபாய் வங்காளத்து நாணயம். வராகனோ சென்னைக் கோட்டையில் கும்பினி தன் கணக்குகளை எழுதிய நாணயம்; ஆர்க்காட்டு நவாபின் கடன் எழுதப்பட்டதும் அதில்தான். இலண்டன் மேடையில் அச்சொல் விளக்கமின்றிப் புரிந்தது என்பதே கும்பினிப் பணம் அந்நகரில் எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பதற்குச் சான்று. ஜோசப் பொய் சொல்கிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் பொய் எத்தகையது? பொன்னை மறைத்து அரும்பொருள்களைக் காட்டுகிறான். கொள்ளையை மறைத்துக் குருவிகளைக் காட்டுகிறான். இந்தியாவைப் பற்றி நாடகம் செய்வதையே ஜோசப்பும் செய்கிறான் என்று கூறினால் அது மிகையாகாது. அவனுக்குத் தண்டனை கிடைப்பது பெற்றதை ஒளித்தமைக்காக. பன்னிரண்டாயிரம் பவுன் எவ்வாறு திரண்டது என்று கேட்க அக்காட்சியில் எவருமில்லை.

தட்டி விழும் காட்சி

இவ்வளவும் கூறியபின், நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைத் தனியே பிரித்து மதிப்பிடுதல் கடன். ஜோசப்பின் நூலகத்தில், நிலப்படங்கள் ஒட்டிய மடக்குத்தட்டியின் பின்னே லேடி டீசில் ஒளிந்திருக்கிறாள். அவள் கணவர் சர் பீட்டர் அத்தட்டியையே ஜோசப்பின் கல்விநாட்டத்துக்குச் சான்றாகப் பாராட்டுகிறார். பிறகு அவரும் ஓர் அறைக்குள் ஒளிய நேர்கிறது. சார்லஸ் விளையாட்டாகத் தட்டியைத் தள்ளிவிடுகிறான்.

இக்காட்சியின் மேன்மைக்குக் காரணம் ஆரவாரம் மட்டுமன்று. ஏலக்காட்சியில் சோதிப்பவர் ஒருவர் வெளியிலிருந்து, பணப்பையோடு, மாறுவேடத்தில் வந்து தீர்ப்பு வழங்குகிறார். இங்கே சோதிப்பவர் எவருமில்லை. ஓர் அறை, ஒரு தட்டி, அடுத்தடுத்து வரும் நால்வர்; அவ்வட்டத்தின் ஒழுகலாறே அவ்வட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒட்டுக்கேட்டலைப் பழிக்கும் நாடகத்தில் பார்வையாளரும் ஒட்டுக்கேட்டு இன்புறுகின்றனர்; தட்டியின் பின்னே இருப்பதை அறிந்த ஒரே காரணத்தால் அவதூறுப் பள்ளியின் மாணவராகிவிடுகின்றனர். லேடி டீசிலின் மனமாற்றமும் நீதிமொழியால் நிகழவில்லை. தான் வாழும் காலத்தில் மனைவிக்கு ஆண்டுக்கு எண்ணூறு பவுனும், இறந்தபின் சொத்தின் பெரும்பகுதியும் உரியதாக்கும் இரு ஆவணங்களைச் சர் பீட்டர் ஜோசப்பிடம் காட்டுவதை அவள் தட்டியின் பின்னிருந்து கேட்கிறாள். அன்பு எண்களில் வெளிப்படும் உலகம் இது. ஷெரிடன் அதனை மறைக்கவில்லை, பூசி மெழுகவுமில்லை. கணவரின் முன் பொய்சொல்ல வாய்ப்பிருந்தும் அவள் உண்மையைச் சொல்லும்போது, நாடகம் முழுவதிலும் எவரும் சோதிக்காமலே தேறிய ஒரே பாத்திரமாக நிற்கிறாள்.

‘அவதூறுப் பள்ளி’ ஒரே வகைமையில் அடங்கும் நாடகம் அன்று என்பதற்கு இவ்விரு காட்சிகளும் போதும். தட்டிக் காட்சி ஒழுகலாற்று நாடகத்தின் உச்சம். ஏலக் காட்சி உச்சத்தைத் தொட்டபின் மெல்லுணர்வு நாடகத்துக்கு இறங்கிவிடுகிறது. முடிவைத் தீர்மானிப்பது இரண்டாவதே.

சார்லஸ் லாமின் தடை

இத்தகைய வாசிப்புக்கு வலிமையான மறுப்பொன்று உண்டு. 1822இல் சார்லஸ் லாம், சென்ற நூற்றாண்டின் செயற்கை நகை நாடகங்களைப் பற்றிய கட்டுரையில், அவை அறவுலகுக்கு அப்பாற்பட்ட ஒரு கற்பனை நாட்டில் நிகழ்வன என்றும், அங்கே வாழ்வியல் அறத்தின் காவலரை அனுப்புவது பொருந்தாது என்றும் வாதிட்டார். ஜான் பாமர் நடித்த ஜோசப்பை அவர் வியந்ததும் இதுபற்றியே. சர் ஆலிவரின் செல்வத்தைப் பற்றிக் கேட்பது, தேவதைக் கதையில் வரும் பொற்குடத்துக்குக் கணக்குக் கேட்பதுபோல் ஆகாதா?

லாமின் கருத்து வில்லியம் காங்கிரீவின் நாடகங்களுக்குப் பெரிதும் பொருந்தலாம். ஷெரிடனுக்குப் பொருந்தாது. இந்நாடகம் தன் தொகைகளை எண்ணிச் சொல்கிறது. அக்காலத்தில் நாடாளுமன்றத்தின் முன்னிருந்த ஆண்டுத்தொகைச் சட்ட வரைவைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல்நாள் இரவில் நாடகத்துக்கு உரிமம் மறுக்கப்பட்டதும் இதனாலேயே. இளையோருக்கு வட்டிக்குக் கொடுப்பவராகத் தூற்றப்பட்ட பெஞ்சமின் ஹாப்கின்ஸ் அப்போது ஜான் வில்க்ஸை எதிர்த்து இலண்டன் நகரப் பொருளாளர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார். வட்டிக்காரர் பகுதி அவரைத் தாக்குவதாக ஐயம் எழுந்தது. ஷெரிடன் நேரில் சென்று ஹெர்ட்ஃபோர்டு பிரபுவிடம் உரிமம் பெற்றார். வட்டியைப் பற்றிய சில பேச்சுகளையே அன்றாட அரசியலாகக் கேட்ட காதுகள், இந்தியப் பணத்தை மட்டும் தேவதைக் கதையாகக் கேட்டன என்று கொள்ள இடமில்லை. கற்பனை நாடாக இருந்திருந்தால் நாடகம் முழுவதும் அவ்வாறு இருந்திருக்கவேண்டும். ஒரே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் அச்சலுகை கிடைத்திருப்பதுதான் வினாவுக்குரியது.

வெஸ்ட்மின்ஸ்டர் மேடை

1780இல் ஷெரிடன் ஸ்டாஃபோர்டு தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1785இல் எட்மண்டு பர்க், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிய பேருரையில், பென்ஃபீல்டு போன்றோரின் வட்டி கருநாடகத்து உழவரின் நிலத்திலிருந்து எவ்வாறு பிழிந்தெடுக்கப்பட்டது என்று விளக்கினார். 1787 பிப்ரவரி 7 அன்று ஷெரிடனின் முறை வந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் அயோத்தி பேகம்களின் செல்வத்தைக் கைப்பற்றியதை எதிர்த்து அவர் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். பேச்சின் தாக்கத்தில் அவை அன்று முடிவெடுக்க இயலாமல் ஒத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டு சூனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அதே பொருள்பற்றி நான்கு நாள் உரையாற்றினார். நுழைவுச்சீட்டு ஐம்பது கினி வரை விலைபோனதாகக் கூறுவர். துரூரி லேனில் எந்த நாடகத்துக்கும் கிடைக்காத விலை.

ஷெரிடனின் அரசியல் வாழ்வையும் நாடக வாழ்வையும் தனித்தனியே பேசுவது வாழ்க்கை வரலாற்றாசிரியர்களுக்கு வசதியாக இருக்கலாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பத்தாண்டு இடைவெளியில் ஒரே கேள்வியை ஒருவர் இருமுறை சந்தித்ததைக் காணலாம். வெஸ்ட்மின்ஸ்டரில் ஷெரிடன் செய்தது 1772இல் ஃபூட் செய்தது: பணம் யாருடைய கருவூலத்திலிருந்து, யாரை வருத்தி எடுக்கப்பட்டது என்று பெயர்சொல்லிக் கேட்டது. அக்கேள்வியைக் கேட்கும் ஆற்றல் 1777இல் அவரிடம் இல்லை என்று சொல்லவியலாது. வட்டிக்காரர் காட்சியை எழுதியவர் அவர். பெண்களின் கருவூலத்தைப் பறித்த கதையை மண்டபத்தில் அவர் கூறியபோது கேட்டோர் பலர் கண்ணீர் விட்டனர். நாடகத்தில் மெல்லுணர்வை எள்ளியவர் மன்றத்தில் அதனையே கைக்கொண்டார் என்று சுட்டிக்காட்டுவது எளிது. ஆனால் அக்கண்ணீர் இம்முறை பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்காகச் சிந்தியது; ஏலக் காட்சியில் அது பணத்தைக் கொணர்ந்தவருக்காகச் சிந்தியிருந்தது.

அவ்வாண்டுகளிலும் ‘அவதூறுப் பள்ளி’ துரூரி லேனின் நிலையான நாடகங்களுள் ஒன்றாக இருந்தது. அரங்கின் பொறுப்பு ஷெரிடனிடமே இருந்தது. அதன் வருவாயில் அவருக்குப் பங்கும் இருந்தது. ஹேஸ்டிங்ஸ் 1795இல் விடுவிக்கப்பட்டார். இந்தியாவுக்குப் புறப்படுமுன் தீட்டப்பட்ட அந்த ஓவியத்தின் முன் சர் ஆலிவர் தொடர்ந்து கண்கலங்கி மன்னித்துக்கொண்டிருந்தார்.